கிராப்கிராஸும் என் பழைய ஸ்க்ரூடிரைவரும்

என் புல்வெளியில் கிராப்கிராஸ் என்ற களைப்புல் முதன்முதலில் தலைகாட்டிய வருஷம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். புல்வெட்டும் மெஷினைக் கடைசிப் படிக்கு இறக்கி, புல்வெளியைத் தரையோடு மழித்துவிட்டேன். நல்ல புல் மஞ்சளடித்துப் படுத்தது. களையோ நண்டு மாதிரி காலைப் பரப்பி, மொட்டையான இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. அதன் விதைக்கு வேண்டியதே வெயில் படுகிற வெறும் மண்தான். அதை நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

ஆகவே முதலில் வெட்டும் உயரத்தைச் சரிசெய்யுங்கள். ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் போன்ற குளிர்காலப் புல்லை, அதாவது குளுமையில் செழிக்கும் புல்லை, 7, 8 செ.மீ. உயரம் விடலாம். அந்த நிழலில் களைவிதை முளைக்கத் திணறும். அருகம்புல் தரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தாழ வெட்டினால்தான் அது நெருங்கிப் படரும். தினமும் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். மழையோடு சேர்த்து வாரத்துக்கு 2.5 செ.மீ., அதையும் ஒன்றிரண்டு தடவையில் ஆழமாக இறங்கும்படி விட்டால் போதும்.

பிடுங்கும் முன் ஆளைச் சரியாகப் பாருங்கள். அருகம்புல்லைக் களை என்று நினைத்து அரைநாள் பிடுங்கியவன் நான். இரண்டுக்கும் கதிர் விரல் விரித்தாற்போல் இருப்பதால் பூவை நம்பாதீர்கள். கிராப்கிராஸுக்கு இலை அகலம், வெளிர்பச்சை. ஒரே மையத்திலிருந்து தட்டையாகப் படரும், கணு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும். மண்ணுக்கடியில் கம்பிபோல் தண்டு ஓடினால் அது அருகு.

மழை விட்ட மறுநாள் காலை, ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, பழைய ஸ்க்ரூடிரைவரால் வேரோடு நெம்புவேன். நாலு இலைப் பருவத்தில் சுலபமாக வந்துவிடும். கதிர் விட்டிருந்தால் நேரே பைக்குள் போடுங்கள். உரக்குழி பக்கம் கொண்டுபோகாதீர்கள். நன்கு வளர்ந்த ஒரே செடி 1,50,000 விதை வரை உதிர்க்கும், அவை சில வருஷம் மண்ணில் காத்துக் கிடக்கும்.

களைக்கொல்லி மருந்து போடுவதென்றால் களை முளைக்கும் முன்பே போட வேண்டும். மேல்மண்ணின் வெப்பம் சில நாள் தொடர்ந்து 13 டிகிரி செல்சியஸைத் தொட்டால் முளைப்பு தொடங்கிவிடும். அதற்குச் சற்று முன்னால் பெண்டிமெத்தலின், புரோடியமின், டிதியோபைர் இவற்றில் ஒன்றைத் தூவித் தண்ணீர் விடுங்கள். கூடவே புதுப் புல்விதை தூவிவிடாதீர்கள், மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரு சீசனையே தொலைத்தேன். முளைத்த பிறகு என்றால் குவின்குளோராக் இருக்கிறது; உங்கள் புல் அதைத் தாங்குமா என்று லேபிளைப் படித்துவிட்டுத் தெளியுங்கள்.

பனி விழும் ஊர் என்றால், முற்றிப்போன செடியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒருபருவச் செடிதான், முதல் உறைபனியில் தானே கருகிவிடும். கதிரை மட்டும் கிள்ளிக்கொண்டே இருங்கள். குளிர்காலப் புல் என்றால், கோடை வெயில் தணிந்ததும் மொட்டைத் திட்டுகளில் விதை தூவி மூடிவிடுங்கள். சிமென்ட் நடைபாதை ஓரத்தைத்தான் நான் முதலில் மூடுவேன். அங்கே மண் சீக்கிரம் சூடேறும், முதல் கிராப்கிராஸ் எனக்கு எப்போதும் அங்கேதான் கிடைக்கிறது.