ஏரோ வீல் வாங்கலாமா? முதலில் அளந்து பாருங்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியான கோவா அயர்ன்மேன் 70.3-க்குப் பெயர் கொடுத்த கையோடு, நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "அக்கா, டீப் ரிம் கார்பன் வீல் போட்டா எத்தனை நிமிஷம் குறையும்?" நியாயமான கேள்வி. ஏரோ வீல் என்றால் இதுதான்: வெளிவளையமான ரிம் உள்நோக்கி ஆழமாக இறங்கி, காற்றுத்தடையைக் குறைக்கும் வீல். அரை லட்சத்தில் தொடங்கி இரண்டு மூன்று லட்சம் வரை போகிற செலவு அது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 90 கி.மீ. சைக்கிள் பகுதியை மூன்று மணி நேரத்தில் முடிக்கிறவருக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு நிமிடம் வரை குறையும். கடிகாரத்தில் தெரியும், காலில் தெரியாது. ஆழமான ரிம் காற்றைக் கிழிக்கும்போது 'வூம் வூம்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் பறக்கிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

நான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள். அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். தட்டையான ரோட்டில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும்போது, நீங்கள் மிதிக்கிற திறனில் முக்கால் பங்குக்கு மேல் காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. மீதிதான் டயருக்கும் செயினுக்கும். காற்றுத்தடை வேகத்தின் இருமடியாகக் கூடும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடியாகக் கூடும். உடம்பும் சைக்கிளும் சேர்ந்து காற்றுக்கு எவ்வளவு இடம் கொடுக்கின்றன என்பதை சிடிஏ என்ற ஒரே எண்ணில் சொல்வார்கள். சாதாரண ரோடு பைக்கில் ஹேண்டிலைப் பிடித்து ஓட்டினால் அது 0.33-ஐ ஒட்டி இருக்கும். ஹேண்டிலிலிருந்து முன்னால் நீளும் ஏரோ பாரில் முழங்கையை ஊன்றிக் குனிந்தால் 0.28-க்கு வரும். சாதாரண ரிம், நிறைய ஸ்போக்ஸ் கம்பி உள்ள வீலைக் கழற்றிவிட்டு 50, 60 மி.மீ. ஆழமுள்ள வீலைப் போட்டால் குறைவது சுமார் 0.01.

நம் வெயிலில் காற்றின் அடர்த்தியை 1.15 என்று வையுங்கள். பாதி, பெருக்கல் 1.15, பெருக்கல் 0.01, பெருக்கல் 8.33-இன் மும்மடி (மணிக்கு 30 கி.மீ. என்பது நொடிக்கு 8.33 மீட்டர்). மூன்று வாட் சொச்சம் வருகிறது. மொத்தம் 120 வாட்டில் ஓட்டுகிறவருக்கு அந்த மூன்று வாட் வேகத்தை ஏறக்குறைய ஒரு சதவீதம் கூட்டும். மூன்று மணி நேரத்தில் ஒரு சதவீதம் என்றால் 108 நொடி. குனிந்து ஓட்டுவதில் குறையும் 0.05-க்கு இதே கணக்கைப் போட்டால் ஒன்பது நிமிடத்தைத் தொட்டுவிடும்.

"நான் மெதுவா ஓட்டுறவன், எனக்கு ஏரோ எதுக்கு?" என்று சொல்கிறவர்களும் உண்டு. அது சரியில்லை. மெதுவாக ஓட்டுகிறவருக்கு வாட்டில் மிச்சம் குறைவுதான். ஆனால் அவர் ரோட்டில் அதிக நேரம் இருப்பதால், நொடிக் கணக்கில் பார்த்தால் 40 கி.மீ. வேகத்தில் போகிறவருக்குக் கிடைக்கும் அளவு அவருக்கும் கிடைத்துவிடும். அதோடு டிரையத்லானில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிய முடியாது, 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். எல்லாக் காற்றும் நம் மேல்தான் விழும்.

வீலில் என்ன நடக்கிறது என்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சைக்கிள் 30-இல் போனால் வீலின் உச்சி 60-இல் போகிறது, தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் நிற்கிறது. ஆகவே மேலே உள்ள ஸ்போக்ஸ் கம்பிகள்தான் காற்றை அதிகம் கலக்குகின்றன. ரிம்மை ஆழமாக்கினால் கம்பியின் நீளமும் எண்ணிக்கையும் குறைகின்றன. டயரைத் தாண்டி வரும் காற்றும் உடனே பிய்த்துக்கொண்டு சுழலாமல் ரிம்மின் பக்கத்தை ஒட்டியே போய்ச் சேர்கிறது.

வீலா, உடம்பா என்று கேட்டால் 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியை எல்லோருக்கும் சொல்வேன். கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. தனியோட்டம். லோரான் ஃபின்யோன் 50 நொடி முன்னிலையில் இருந்தார். முன்னும் பின்னும் டிஸ்க் வீல் (கம்பி தெரியாமல் முழுக்க மூடிய வீல்), ஆனால் சாதாரண ஹேண்டில், தலையில் ஹெல்மெட் இல்லை, குதிரைவால் முடி காற்றில் ஆடியது. கிரெக் லெமாண்டுக்குப் பின்னால் மட்டும் டிஸ்க். ஆனால் டிரையத்லான் ஆட்களிடமிருந்து வந்த ஏரோ பார், தலையில் ஏரோ ஹெல்மெட். லெமாண்ட் அந்த ஓட்டத்தில் 58 நொடி எடுத்து, மொத்தப் போட்டியையே 8 நொடியில் ஜெயித்தார்.

ஆகவே காசை இந்த வரிசையில் செலவு செய்யுங்கள். முதலில் கிளிப் வகை ஏரோ பார், அதில் ஒரு மணி நேரமாவது நிமிராமல் கிடக்கப் பழகுவது. அப்புறம் உடம்போடு ஒட்டிய டிரை சூட் என்ற டிரையத்லான் உடை. தொளதொள சட்டையும் படபடக்கும் பிப் நம்பரும் வீல் தருவதை அப்படியே தின்றுவிடும். அப்புறம் நல்ல டயர், லேடெக்ஸ் அல்லது டிபியு (மெல்லிய பிளாஸ்டிக்) டியூப். கம்பெனி போட்டுக் கொடுத்த மட்டமான டயரைக் கழற்றி கான்டினென்டல் ஜிபி 5000 மாதிரி ஒன்றைப் போட்டாலே வீலுக்கு நிகரான வாட் மிச்சமாகும், செலவோ அதில் ஒரு பங்குதான். இதெல்லாம் முடிந்த பிறகு கையில் காசு இருந்தால் வீல்.

சரி, வாங்குவதற்கு முன் சோதிப்பது எப்படி? நண்பரிடம் ஒரு ஜோடி இரவல் வாங்குங்கள். இரண்டு ஜோடியிலும் ஒரே டயர், ஒரே டியூப், ஒரே காற்றழுத்தம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டயரைச் சோதித்துவிட்டு வீல் என்று நினைத்துக்கொள்வீர்கள். மிதிக்கிற திறனை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் அவசியம். இதயத் துடிப்பை வைத்து அளக்காதீர்கள், வெயில் ஏற ஏற அது தானாகவே ஏறும். மேம்பால இறக்கத்தில் மிதிக்காமல் உருட்டிப் பார்ப்பதும் உதவாது. மெதுவாக உருளும் வேகத்தில் டயரின் உராய்வின் பங்கு கூடிவிடும், காற்றின் பங்கு குறைந்துவிடும்.

அழகர்கோவிலிலிருந்து கிடாரிப்பட்டி வழியாக மேலூர் போகிற ரோடு மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான்குவழிச் சாலை வேண்டாம், ஒவ்வொரு லாரியும் தாண்டும்போது உங்களை இழுத்துக்கொண்டு போகும். அறுவடை நேரத்தில் ரோட்டில் நெல் காயும், அப்போதும் வேண்டாம். காற்று எழும்பாத விடியற்காலையில், மூன்று கி.மீ. போய்த் திரும்பி வாருங்கள். நேரத்தை நின்ற இடத்திலிருந்து எடுக்காமல், ஓட்டத்திலேயே ஒரு மைல்கல்லைத் தாண்டும்போது எடுங்கள். பழைய வீல், புது வீல், புது வீல், பழைய வீல் என்ற வரிசையில் நான்கு ஓட்டம், நான்கிலும் ஒரே சராசரி வாட், ஒரே சட்டை, ஒரே குனிவு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. நேரம் போகப் போக வெப்பமும் காற்றும் மாறும், அந்த மாற்றம் இரண்டு வீலுக்கும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும்.

முடிவைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். ஆறு கி.மீ.-க்கு நீங்கள் எதிர்பார்க்கும் வித்தியாசமே ஏழெட்டு நொடிதான். பழைய வீலின் இரண்டு ஓட்டங்களுக்குள்ளேயே பத்து நொடி வித்தியாசம் வந்தால், அன்றைய சோதனை எதையும் சொல்லவில்லை என்று பொருள். இன்னொரு நாள் போங்கள். ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் ஒரே அளவை இரண்டு முறை எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி காற்று. என் எடை 52 கிலோ. மதுரையில் ஆழமான முன்வீலோடு என்னைப் போன்ற எடையில் ஓட்டுகிறவர்கள் இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போக வேண்டாம். ஆடி மாதம் விரகனூர் அணைப் பக்கம், சுற்றுச்சாலை வைகையைத் தாண்டும் பாலத்தில் பாண்டி கோயில் நோக்கிப் போனால், மேல்காற்று ஆற்றுப்படுகை வழியாகத் தடையில்லாமல் வந்து இடது பக்கம் அடிக்கும். பக்கத்தில் ஒரு பஸ் ஒட்டிவந்தால் ஒரு கணம் காற்று நின்றுபோகும். பஸ் தாண்டியதும் மொத்தமாக அறையும். 60 மி.மீ. முன்வீல் அந்த நொடியில் ஒரு முழம் நகரும், கை தன்னால் ஏரோ பாரை விட்டு பிரேக்குக்கு வந்துவிடும். நிமிர்ந்துவிட்டீர்கள் என்றால் வீல் தந்த 0.01-ஐப் போல ஐந்து மடங்கை அங்கேயே விட்டுவிடுகிறீர்கள். கொஞ்சம் சாய்வாக வரும் காற்றில் ஆழமான ரிம் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பதும் உண்மைதான், ஆனால் உங்களால் குனிந்தே இருக்க முடிந்தால்தான் அந்த லாபம். ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் போட்டியில் நீண்ட காலம் டிஸ்க் வீலுக்கே அனுமதி இல்லாமல் இருந்தது, காரணம் அங்குள்ள பக்கக்காற்று.

அதனால் முன்னும் பின்னும் ஒரே ஆழம் வேண்டாம். முன்வீல்தான் திரும்புகிறது, அது 35, 40 மி.மீ. போதும். பின்வீல் 60 இருந்தாலும் கையை இழுக்காது. வாங்குவதற்கு முன், உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் காற்றாலை முழு வேகத்தில் சுற்றுகிற நாளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கே குனிந்தே இருக்க முடிந்தால் கோவாவிலும் முடியும்.

காசு இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பின்வீலுக்கு மூடி. பேனர் கடைகளில் கிடைக்கும் சன்பேக் ஷீட்டை ரிம்மை விடச் சற்றுச் சிறிய வட்டமாக வெட்டி, நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு கீறல் போட்டு, இரண்டு விளிம்பையும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினால், ஹப்பின் குமிழுக்கு ஏற்ற கூம்பு கிடைக்கும். இரண்டு பக்கமும் வைத்து ஸ்போக்ஸ் வழியாகக் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். காற்றடிக்க ஒரு துளை. பிரேக் பிடிக்கும் ரிம் பட்டையில் ஷீட் ஏறக்கூடாது, ஃபிரேமில் உரசக்கூடாது. டிஸ்க் வீலின் பெரும்பங்கு பலன் இதிலேயே வந்துவிடும். போட்டி விதியை மட்டும் முன்கூட்டிப் படித்துவிடுங்கள்.

வாங்கியே தீருவது என்று முடிவானால் அகலத்தைப் பாருங்கள். வீல் தயாரிக்கும் ஜிப் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜோஷ் போர்ட்னர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. ரிம்மின் வெளி அகலம் டயரின் அகலத்தைப் போல 105 சதவீதமாவது இருந்தால்தான் காற்று ரிம்மை ஒட்டிப் போகும். 28 என்று அச்சிட்ட டயர் அகலமான ரிம்மில் 30 வரை ஊதிக்கொள்ளும், அச்சை நம்ப முடியாது. காற்றடித்த பிறகு வெர்னியர் அளவியால் அளந்து பார்த்துத்தான் நான் ஆட்களுக்கு டயர் சொல்கிறேன். ரிம் பிரேக் வண்டியாக இருந்தால் கார்பன் வீலோடு சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்காதீர்கள். தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூட்டில் ரிம் உருக்குலையும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக டியூப். ஆழமான ரிம்மில் சாதாரண வால்வ் வெளியே எட்டாது. 60 மி.மீ. ரிம்முக்கு 80 மி.மீ. வால்வ் உள்ள டியூப் வேண்டும், இல்லாவிட்டால் வால்வ் எக்ஸ்டென்ஷன். நம் ரோட்டோரம் முழுக்கச் சீமைக் கருவேல முள். பையில் இருக்கும் மாற்று டியூப்பின் வால்வ் நீளத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.