ரோம் செட்டுல எது என்ன, எதை எதுக்கு எடுக்கணும்

போன வருஷம் ஆன்லைன்ல கைக்கு அடக்கமா ஒரு ரெட்ரோ கேம் மெஷின் வாங்குனேன், கூடவே ஒரு மெமரி கார்டு, மேல "10000 கேம்ஸ்"னு ஸ்டிக்கர் வேற. தொறந்து பாத்தா சூப்பர் மரியோவே பதினோரு தடவ இருக்கு, ஒண்ணுல மரியோவுக்கு மீசையக் காணோம், ஒண்ணு டைட்டிலோட நின்னுடுது, பாக்மேன் போட்டா கறுப்பு ஸ்க்ரீன் மட்டும்தான். அந்தக் குப்பைய தரம் பிரிக்கப் போயி ஒரு மாசம் தூக்கம் போச்சு, அப்ப கத்துக்கிட்டதுதான் இது.

மொதல்ல ஒண்ணு. ரோம்ங்கிறது பழைய கேமோட சிப்புல இருந்தத காப்பி எடுத்த ஃபைல், ரோம் செட்டுன்னா அந்த ஃபைல் மூட்டைன்னுதான் எல்லாரும் நெனைக்கிறோம், ஆனா செட்டுக்கு உயிரே டேட் ஃபைல்தான். அதுல கேம் எதுவும் இருக்காது, வாத்தியார் கையில இருக்குற அட்டென்டன்ஸ் மாதிரி ஒரு லிஸ்ட், ஒவ்வொரு கேமோட பேரு, எத்தன பைட்டு, அதோட சிஆர்சி, எஸ்எச்ஏ-1 நம்பர், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி. ஃபைலுக்கு நீங்க என்ன பேரு வேணா வைக்கலாம், உள்ள ஒரு பைட்டு மாறுனாலும் அந்த நம்பர் காட்டிக் குடுத்துரும். அதனால பேர நம்பாதீங்க, நம்பர நம்புங்க.

பழைய கலெக்‌ஷன்ல பேருக்குப் பின்னாடி சதுர அடைப்புக்குள்ள ஏதாவது எழுத்து இருந்தா அது குட்டூல்ஸ்னு ரோம்களப் பட்டியல் போட்ட பழைய சாஃப்ட்வேர் காலத்து சரக்கு. ஆச்சரியக்குறி இருந்தா சரிபாத்த நல்ல காப்பி, பி இருந்தா கெட்டுப்போன காப்பி, எச் இருந்தா யாரோ கைவெச்ச ஹேக், டி இருந்தா சாகாம ஆட ட்ரெயினர் சேத்தது. ஆங்கில எழுத்து வரிசையில பதினாறாவதா வர்ற 'பீ' இருந்தா பைரேட்டு, நம்ம ஊர்ல 90கள்ல டிவி கேமுக்கு வாங்குனோமே மஞ்சள் கேசட்டு, அந்த சாதி. குட்டூல்ஸ் கெடச்ச எல்லாத்தையும் பட்டியல் போட்டுச்சு, அதான் ஒரே மரியோ பதினோரு தடவ. இப்ப அது பழசாயிருச்சு, ஆச்சரியக்குறி இருந்தாலும் கண்ண மூடிட்டு நம்ப முடியாது.

கேட்ரிட்ஜ், அதான் நம்ம கேசட்டு, போடுற கன்சோலுக்கு இன்னிக்கு நோ-இன்ட்ரோங்கிற குரூப்போட டேட்தான். அந்தக் காலத்துல ரோம் வெளியிட்ட குரூப்புங்க கேமுக்கு முன்னாடி தங்க பேரப் போட்டு ஒரு இன்ட்ரோ ஒட்டுவாங்க, அதெல்லாம் இல்லாம கேட்ரிட்ஜ்ல இருந்த மாதிரியே வேணும்னுதான் அந்தப் பேரு. இதுல பேருக்குப் பின்னாடி யுஎஸ்ஏ, யூரோப், ஜப்பான்னு நாடு இருக்கும், திருத்துன பதிப்புன்னா ரெவ் 1 வரும். யூரோப் ஃபைல் 50 ஹெர்ட்ஸுக்கு செஞ்சது, பல கேம் அதுல மெதுவா ஓடும், மாட்டு வண்டியில போற மாதிரி இருக்கும். அதனால நான் யுஎஸ்ஏ எடுப்பேன். எல்லா நாட்டு காப்பியும் வேணாம்னா ஒரு கேமுக்கு ஒரு ரோம்னு வடிகட்டுற வசதி இருக்கு, அத மட்டும் வெச்சாலே கார்டுல பாதி காலியாயிரும்.

இங்கதான் நெறைய பேரு மாட்டுவாங்க. கேம் நல்லா ஓடுது, ஆனா நம்பர் ஒத்துப்போகல, ஏன்? ஹெட்டர். நின்டெண்டோவோட பழைய கன்சோல் என்இஎஸ், அதோட ஃபைல் முன்னாடி 16 பைட்டு ஹெட்டர் ஒட்டியிருக்கும், எந்த வகை கேட்ரிட்ஜுன்னு எமுலேட்டருக்கு, அதாவது பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேருக்கு, சொல்றதுக்கு. சூப்பர் மரியோ கேட்ரிட்ஜுல இருக்குறது 40960 பைட்டு, உங்க ஃபைல் 40976 காட்டுனா ஹெட்டரோட இருக்குன்னு அர்த்தம், அத எடுத்துறாதீங்க, தேவை. சூப்பர் நின்டெண்டோவுல கத வேற, அங்க 512 பைட்டு ஹெட்டர் பழைய காப்பி மெஷின் ஒட்டுனது, சுத்த தெண்டம். சூப்பர் மரியோ வேர்ல்ட் 524288 இருக்கணும், 524800 இருந்தா முன்னாடி 512-ஐ வெட்டிருங்க. தமிழாக்கமோ ஹேக்கோ பேட்ச், அதாவது ரோம மாத்துற ஒட்டு ஃபைல், போடுறவங்களுக்கு இது முக்கியம், எந்த ரோமுக்கு செஞ்ச பேட்ச்சோ அதுல போட்டாதான் ஒட்டும். நின்டெண்டோ 64-ல ஹெட்டர் பிரச்சன இல்ல, பைட்டு வரிசை பிரச்சன. ஃபைலோட பைட்டுகள அப்படியே காட்டுற ஹெக்ஸ் எடிட்டர்ல தொறந்தா 80 37 12 40-னு ஆரம்பிச்சா சரியான வரிசை, 37 80 40 12-னா ரெண்டு ரெண்டா மாத்திப் போட்டது, கேம் அதேதான் ஆனா சிஆர்சி வேற.

சிடி கேமுக்கு ரீடம்ப்ங்கிற குரூப்போட டேட். பிளேஸ்டேஷன், சாட்டர்ன் எல்லாம் இதுல. ஒரு கேமுக்கு ஒண்ணோ பலவோ பின் ஃபைலும் ஒரு க்யூ ஃபைலும் வரும், க்யூ வெறும் டெக்ஸ்ட்டு, எந்த ட்ராக்கு எந்த ஃபைல்ல இருக்குன்னு எழுதியிருக்கும், பின் ஃபைல் பேர மாத்துனீங்கன்னா கேம் தொறக்காது, நானே மாத்திட்டு ரெண்டு நாள் முழிச்சேன். செக் பண்ணதுக்கு அப்புறம் சிஎச்டிங்கிற சுருக்குன ஃபைலா மாத்திருங்க, ஒரே ஃபைலா ஆயிரும், எடமும் மிச்சம். டோசெக்னு இன்னொரு டேட் குரூப் இருக்கு, கமோடோர், அமிகா மாதிரி பழைய கம்ப்யூட்டர் வெச்சு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு சரி, சும்மா ஆட வர்றவங்களுக்கு வேணாம்.

காசு போட்டு ஆடுற ஆர்கேடு மெஷின் கேம் மட்டும் தனி உலகம். 1997-ல வந்த மேம் எமுலேட்டருக்கு ஒரு கேம்ங்கிறது ஒரு ஃபைல் இல்ல, போர்டுல இருந்த ஒவ்வொரு சிப்பும் ஒரு ஃபைல், எல்லாம் ஒரு ஜிப்புக்குள்ள. ஜிப்ப பிரிக்கவும் கூடாது பேர மாத்தவும் கூடாது. என் பாக்மேன் ஏன் ஓடலன்னா, மேமுல பாக்மேன் பிள்ளை, ஜப்பான்ல வந்த பக்மேன்தான் தாய். ஸ்ப்ளிட் செட்டுல தாயோட ஜிப்புலதான் முழு கேமும் இருக்கும், பிள்ளையோட ஜிப்புல மாறுன சிப்பு மட்டும்தான், என் கார்டுல தாயே இல்ல. மெர்ஜ்டுன்னா தாய் ஜிப்புக்குள்ளயே எல்லாப் பிள்ளையும். நான்-மெர்ஜ்டுன்னா ஒவ்வொண்ணும் தனிக்குடித்தனம், எடம் ஜாஸ்தி புடிக்கும் ஆனா நாலு கேம் மட்டும் பொறுக்கி எடுக்க இதான் நிம்மதி. அடுத்து வெர்ஷன். பல எமுலேட்டர ஒண்ணா வெச்சிருக்குற ரெட்ரோஆர்க்ல மேம் 2003 போட்டா 0.78 செட்டு வேணும், மேம் 2010-க்கு 0.139. புதுசா இருந்தா நல்லதுதானேன்னு லேட்டஸ்ட் செட்ட எடுத்துட்டு வந்து போட்டா பாதி ஓடாது. ஃபைனல்பர்ன் நியோங்கிற இன்னொரு ஆர்கேடு எமுலேட்டருக்கு அதோட சொந்த டேட் இருக்கு. நியோ ஜியோ மெஷின் கேம்னா அந்த மெஷினையே கெளப்புற பயாஸ் ஜிப்பும் அதே ஃபோல்டர்ல இருக்கணும்.

இதெல்லாம் கையால பாக்க முடியாது, டேட்டோட ஒத்துப் பாத்து அடுக்குற ரோம்வால்ட் சாஃப்ட்வேர் போடுங்க. டேட்ரூட் ஃபோல்டர்ல டேட் ஃபைல், டூசார்ட்ல உங்க ஃபைலுங்க, அப்புறம் வரிசையா அப்டேட் டேட்ஸ், ஸ்கேன் ரோம்ஸ், ஃபைண்ட் ஃபிக்ஸஸ், ஃபிக்ஸ் ரோம்ஸ். அது டூசார்ட்ல இருக்குறத காப்பி எடுக்காது, அப்படியே தூக்கி நகத்தும், அதனால ஒரிஜினல வேற டிஸ்க்குல வெச்சுட்டு ஆரம்பிங்க. கடைகள்ல விக்கிற கார்டு காப்பிரைட்டுக்கு விரோதம்தான், சொந்த கேட்ரிட்ஜு இருந்தா அதுல இருக்குறத ஃபைலா டம்ப் பண்ற ரீடர் வாங்கி நீங்களே எடுத்து டேட்டோட ஒத்துப் பாருங்க, நம்பர் ஒத்துப்போறப்ப வர்ற சந்தோஷமே தனி.

இன்னொண்ணு, சேவ் ஃபைல் ரோமோட பேர்லதான் இருக்கும். ரோம்வால்ட் ரோம் பேர மாத்துனதும் எமுலேட்டர் பழைய சேவ கண்டுக்காது. நாப்பது மணி நேரம் ஆடுன போக்கிமான் காலியா வந்து நின்னப்ப நெஞ்சே அடைச்சிருச்சு, சேவ் ஃபைலுக்கும் அதே புதுப் பேர வெச்சதும் வந்துருச்சு.