வெண்கலத்தில் நிற்பது எந்தக் கிரேக்கத் தெய்வம்? கண்டுபிடிக்கும் வழி

இலங்கையின் வடக்கே முள்ளியவளையில் கோயில் சிலைகளுக்கு வர்ணம் பூசுகிறவன் நான். கிரேக்கச் சிலையின் படம் கிடைத்தால் முகத்தில் நேரத்தை வீணாக்க மாட்டேன். பழைய கிரேக்க, ரோமப் பாணியைப் பின்பற்றிய நியோகிளாசிக்கல் சிற்பிகள் எல்லாருக்கும் ஒரே நேர்மூக்கைத்தான் வைத்தார்கள். கையையும் காலையும் பாருங்கள். சிலம்பைக் கண்டதும் வற்றாப்பளை அம்மாளாச்சி, அதாவது கண்ணகி என்கிறோமே, அதே கணக்குத்தான்.

குதிக்காலில் சிறகு இருந்தால் ஹெர்மிஸ், தேவர்களின் தூதர். அவர் கோலில் இரண்டு பாம்பு சுற்றியிருக்கும். ஒரே பாம்பு என்றால் வைத்தியத் தெய்வம் அஸ்கிளிப்பியஸ். நானே பலதடவை மாறிச் சொல்லியிருக்கிறேன். ஆந்தை அறிவுத் தெய்வம் அதீனாவுடையது. மயிலைக் கண்டு முருகன் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே அது தேவர்களின் அரசி ஹீராவின் பறவை.

அப்புறம், உலோகம் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். லண்டன் ஹைட் பார்க்கில் 1822இல் சிற்பி வெஸ்ட்மக்கொட் நிறுத்திய அக்கிலீஸ் (தெய்வமல்ல, கிரேக்கக் கதைகளின் வீரன்), பிரெஞ்சுப் படையை வென்ற பிரித்தானியத் தளபதி வெலிங்டனுக்கான நினைவுச்சின்னம். பெண்கள் சேர்த்த காசில் எழுந்தது. கையில் வாள், கேடயம். இடுப்பில் ஓர் இலை மட்டும். பிரெஞ்சுப் படையிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கித்தான் அந்த உடம்பை வார்த்தார்கள். யுத்தகாலத்து எறிகணையின் வெற்று ஷெல் கோதைக் கட்டித் தொங்கவிட்டு மணியாக அடித்த ஊர்க்காரனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.