"சேர், நித்திரையா?"

யாழ்ப்பாணத்தில் ரியூட்டரி முடிந்து வீடு திரும்பிய பிள்ளையிடமிருந்து ஆசிரியரான உங்களுக்கு இரவு பத்தரைக்கு இப்படியொரு வட்ஸ்அப் செய்தி வரலாம். கணக்குச் சந்தேகமென்றால் மறுநாள், பெற்றோரும் இருக்கிற வகுப்புக் குழுவில் பதிலளியுங்கள். தனி அரட்டை வேண்டவே வேண்டாம், எவ்வளவு நல்ல மாணவியானாலும்.

வீட்டில் அடி, தொந்தரவு என்று எழுதியிருந்தால் கதை வேறு. குழுவில் வாய் திறக்காதீர்கள். "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாது. துருவித் துருவிக் கேட்பதும் தவறு (நமக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம்). பிள்ளையின் சொற்களை அப்படியே, நேரத்தோடு குறித்து பாடசாலை அதிபரிடம் தெரிவியுங்கள். ஆபத்தென்றால் விடியும்வரை காத்திராமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அந்தச் செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.