மலை ரயிலில் ஒரு நாள்: மொரீசியஸிலிருந்து போகும் நாம் செய்கிற தவறுகள்

நவம்பரில் பள்ளி விடுமுறை தொடங்கினால் நம் வீடுகளில் சுவிட்சர்லாந்துப் பேச்சும் தொடங்கிவிடும். கூர் நகரிலிருந்து இத்தாலியின் திரானோ வரை போகும் பெர்னினா மலை ரயிலுக்கு நாங்களும் ஒரு டிசம்பரில் போனோம். கண்ணாடி கூரை வரை வளைந்திருக்கும் 'பெர்னினா எக்ஸ்பிரஸ்' பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்து, அதிலேயே போய் அன்றே அதிலேயே திரும்பினோம். பெரிய தவறு. ஒரு வழிக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த மாதத்தில் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். 65 மீட்டர் உயரத்தில் வளைந்தபடியே குகைக்குள் நுழையும் லாண்ட்வாசர் பாலத்தைத் திரும்பும்போது நிதானமாகப் பார்க்கலாம் என்றிருந்தோம். கண்ணாடியில் எங்கள் முகம்தான் தெரிந்தது.

அதே தண்டவாளத்தில் சாதாரண சிவப்பு ரயில்களும் ஓடுகின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. முன்பதிவு தேவையில்லை. சில பெட்டிகளில் ஜன்னலை இறக்கிவிட்டுப் படம் எடுக்கலாம். எல்லாவற்றையும்விட, நடுவில் இறங்கலாம். 2,091 மீட்டரில் இருக்கும் ஆல்ப் க்ரூம் நிலையத்தில் இறங்கி, எதிரே பாலூ பனியாற்றைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறுங்கள். எக்ஸ்பிரஸ் ஆசை இருந்தால் ஒரு வழிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூரிலிருந்து போகும்போது வலப்பக்க இருக்கை நல்லது. சுவிஸ் பயண பாஸ் வைத்திருப்பவர்களும் எக்ஸ்பிரஸ் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

அப்புறம் குளிர். கியூர்பிப்பில் போடும் ஸ்வெட்டர் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் தீவின் உச்சியே 828 மீட்டர்தான். இந்த ரயிலோ பற்சக்கரம் இல்லாமலேயே 2,253 மீட்டருக்கு ஏறுகிறது. அங்கே லாகோ பியாங்கோ ஏரி குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். அதன் நீர் ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது; பக்கத்திலேயே இருக்கும் சின்ன ஏரியின் நீரோ கருங்கடலுக்கு. இதை முன்பே சொல்லிவைத்தால் பிள்ளைகள் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார்கள். இரவு முழுக்க விமானத்தில் வந்து மறுநாள் காலையே இந்த ரயிலில் ஏறினால் அவர்கள் தூங்கிவிடுவார்கள். ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.

திரானோ இத்தாலியில் இருப்பதால் கடவுச்சீட்டை ஓட்டல் பெட்டகத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சைவக்காரர்கள் சாப்பாட்டுக்குப் பயந்து பராத்தா மூட்டை கட்டவும் வேண்டாம். பிட்சோக்கெரி என்று ஒன்று கிடைக்கும்: பக்வீட் மாவில் செய்த பட்டையான நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், சீஸ். அந்தக் குளிருக்குச் சூடாக, வயிறு நிறைய.