புவிவெப்ப இடங்களை வரைபடத்தில் தேடும்போது நேரும் தவறுகள்

நிலத்தடி வெப்பத்திலிருந்து எடுக்கும் புவிவெப்ப மின்சாரத்துக்கு ஏற்ற இடங்களைக் கணினி நிலவரைபடத்தில் தேடுவோர், பெரும்பாலும் வெந்நீர் ஊற்றுகளைப் புள்ளிகளாக இட்டு, அவற்றைச் சுற்றி வட்டம் போட்டுத் தொடங்குகிறார்கள். தொடங்குவதற்கு அது போதும். ஆனால் ஊற்று இல்லாத பகுதிக்கெல்லாம் பூஜ்ய மதிப்பெண் போட்டு ஒதுக்கிவிடுவதைத்தான் நான் பெருந்தவறு என்பேன். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், புளூ மவுண்டன் என்னும் இடத்தில் தரைமேல் ஊற்று கிடையாது. கனிமம் தேடித் துளையிட்டபோதுதான் அங்கே வெந்நீர் தட்டுப்பட்டது, பிறகு மின்நிலையமும் எழுந்தது. ஆகவே, அளந்து வெப்பமில்லை என்று தெரிந்த இடத்துக்கும் யாருமே அளக்காத இடத்துக்கும் வரைபடத்தில் வெவ்வேறு நிறம் வேண்டும்.

நிலப்பிளவின், அதாவது பாறை உடைந்து நகர்ந்த கோட்டின், நீளம் முழுவதற்கும் ஒரே மதிப்பெண் தருவதும் தவறுதான். நெவாடாவில் வெந்நீர் மேலேறுவது பெரும்பாலும் பிளவுகள் முடியும் முனைகளிலும், ஒன்றையொன்று வெட்டும் இடங்களிலும், ஒன்று ஓய்ந்து பக்கத்திலேயே மற்றொன்று தொடங்கும் இடங்களிலும்தான். அங்கே பாறை நெருக்கமாக நொறுங்கிக்கொண்டே இருப்பதால் நீர்வழி அடைபடுவதில்லை.

செயற்கைக்கோள் வெப்பப் படத்தை நம்புவோர் லடாக்கின் புகா பள்ளத்தாக்கை நினைத்துப் பார்க்கலாம். லாண்ட்சாட் 8 செயற்கைக்கோள் வெப்பத்தை 100 மீட்டர் கட்டங்களாகத்தான் அளக்கிறது. கோப்பு 30 மீட்டர் கட்டங்களாகக் கைக்கு வருவதால் நுட்பம் கூடிவிடாது. சில மீட்டர் அகலமுள்ள ஊற்று அந்தக் கட்டத்துக்குள் கரைந்துபோக, பகல் முழுதும் வெயில் காய்ந்த தெற்குச் சரிவு செக்கச்செவேலென்று தெரியும். இரவுப் படம் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு குறைக்கும். ஊற்றின் சூட்டை நேரில் அளந்தாலும் எச்சரிக்கை வேண்டும். ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்திலுள்ள புகாவில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், ஊற்றுநீர் காட்டும் 84 டிகிரி ஆழத்தின் வெப்பத்தைச் சொல்வதில்லை. நீரில் கரைந்த சோடியம், பொட்டாசியம் விகிதம் ஆழத்தின் வெப்பத்தைப் பொறுத்து மாறும்; அதைக் கொண்டு செய்த மதிப்பீடுகள் 200 டிகிரியைத் தாண்டுகின்றன.

ஊற்று, பிளவு என்று தனித்தனியே வரைந்த அடுக்குகளின் மதிப்பெண்களைக் கூட்டும்போது, பிளவின்மேல் அமைந்த ஊற்றுக்கு ஊற்றென்றும் பிளவென்றும் இரு முறை மதிப்பெண் விழுவதைக் கவனிக்க வேண்டும். வரைபடம் செய்யப் பயன்பட்ட ஊற்றுகளையே வைத்து அதைச் சோதிப்பது, விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதுவது போன்றது. சிலவற்றை முதலிலேயே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். சாலை, மின்கம்பி ஆகியவற்றுக்கான தூரத்தையும் வெப்ப மதிப்பெண்ணோடு கலக்கக் கூடாது. கலந்தால், கம்பியருகே உள்ள வெதுவெதுப்பான நிலமும் தொலைவிலுள்ள கொதிநிலமும் ஒரே எண்ணைப் பெற்று, எது எந்தக் காரணத்தால் பெற்றது என்பதே தெரியாமல் போகும்.