வீட்டு வைஃபையில் பிரிண்டரை இணைக்கும்போது செய்யக்கூடாதவை

ஹட்டன், தலவாக்கலை பக்கம் இப்போது பல வீடுகளில் பிரிண்ட், ஸ்கேன், போட்டோ கொப்பி மூன்றையும் செய்யும் பிரிண்டர் வந்துவிட்டது. பிள்ளைகளின் மாதிரி வினாத்தாளுக்காக மழையில் டவுனுக்கு இறங்கி ஏற வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி. ஆனால் "வைஃபையில் ஏறவில்லை" என்று துணி போட்டு மூடிவைத்த பிரிண்டர்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பிரிண்டரில் பழுது இருக்காது, இணைத்த விதத்தில்தான் இருக்கும்.

போன மழைக்காலத்தில் கொட்டகலையில் ஒரு டீச்சர் வீட்டுக்குப் போனேன். மறுநாள் தரம் 5 பிள்ளைகளுக்கு 30 தாள் வேண்டும். "தம்பி, நேத்து வரைக்கும் நல்லா அடிச்சிச்சு, இன்னைக்கு ஆஃப்லைன்னே காட்டுது" என்றார். பார்த்தால், இன்டர்நெட் வரவில்லை என்று மகன் லேப்டொப்பை போன் ஹொட்ஸ்பொட்டில் போட்டிருக்கிறான். பிரிண்டர் ரவுட்டரிலேயே நிற்கிறது. இரண்டும் வேறு வேறு நெட்வொர்க், ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. லேப்டொப்பை ரவுட்டருக்கு மாற்றியதும் தாள் வரத் தொடங்கியது, இன்டர்நெட் இல்லாமலேயே.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். வீட்டில் பிரிண்ட் எடுக்கப் பெரும்பாலும் இன்டர்நெட் தேவையில்லை. கணினியும் பிரிண்டரும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும். மரம் விழுந்து லைன் அறுந்திருந்தாலும் ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் தாள் வரும். விருந்தினருக்கென்று ரவுட்டரில் தனியாக இருக்கும் கெஸ்ட் வைஃபையில் பிரிண்டரைப் போடுவதும் இதே கதைதான். அதில் உள்ளவற்றை ரவுட்டர் பொதுவாக வீட்டுக் கணினிகளிடமிருந்து பிரித்தே வைக்கும்.

அடுத்தது அலைவரிசை. வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் விடும் வைஃபையின் பெயரை அப்படியான பிரிண்டரின் திரையில் தேடித் தேடிக் களைப்பதில் பயனில்லை. நம் பக்கம் டவர் தெரியும் ஜன்னலோரம் ரவுட்டரை வைப்போம், பிரிண்டர் உள் அறையில் இருக்கும், நடுவில் கருங்கல் சுவர். அந்தத் தூரத்துக்கும் 2.4தான் நல்லது. பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் ஏறவில்லையா? ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய பிரிண்டருக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த முறைக்கு மாற்றுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு "ஆஃப்லைன்" என்று வருவதற்கு வேறு காரணம் உண்டு. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது. மறுபடி உயிர் பெறும்போது பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கலாம், கணினி பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். உடனே டிரைவரை, அதாவது பிரிண்டரை இயக்கக் கணினியில் போட்ட மென்பொருளை, அழித்து மறுபடி போட வேண்டாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். சிலர் பிரிண்டரிலேயே ஏதோ ஒரு எண்ணைத் தட்டிவிடுகிறார்கள். அதே எண்ணை ரவுட்டர் வீட்டில் இன்னொரு போனுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

பிரிண்டரின் ஐபி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். கரண்ட் வந்ததும் முதலில் ரவுட்டரைப் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு பிரிண்டரைப் போடுங்கள்.

யூஎஸ்பி வயரால் இணைப்பவர்கள், பிரிண்டரின் மென்பொருளைக் கணினியில் போடும்போது அது கேட்கும் முன்பே வயரைச் சொருக வேண்டாம். முன்பே சொருகினால் பல மொடல்களில் கணினி பொருந்தாத டிரைவரைப் போட்டுக்கொள்ளும், பிரிண்ட் மட்டும் வேலை செய்யும், ஸ்கேன் வராது. வைஃபையிலும் ஸ்கேன் மட்டும் வராவிட்டால் முழு மென்பொருளையும் போட்டீர்களா என்று பாருங்கள். அப்புறம் வின்டோஸில் வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்று இருந்தால், கணினிக்குப் பிரிண்டர் தெரிய அதை 'பிரைவேட்' ஆக்குங்கள்.

'டைரக்ட்' என்று தொடங்கும் வைஃபை பெயர் பிரிண்டரே கிளப்புவது. கணினியை அதில் இணைத்தால் பிரிண்ட் வரும், ஆனால் வைஃபை வழி இன்டர்நெட் போய்விடும். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேரம் இடி முழங்கினால் எல்லோரும் பிளக்கைப் பிடுங்குகிறோம். பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் இங்க் பிரிண்டரை முதலில் அதன் பட்டனால் அணைத்து, விளக்கு அணையும்வரை சில வினாடி பொறுங்கள். அந்த நேரத்தில்தான் மை ஊற்றும் தலை ஓரத்துக்குப் போய் மூடியில் அமர்கிறது. பாதியில் பிடுங்கினால் தலை திறந்தபடி நின்று மை காய்ந்துவிடும். அடுத்த நாள் வரும் கோடு கோடான தாளுக்கு வைஃபையைத் திட்டிப் பலனில்லை.